பழைய கதவு, பழைய ஜன்னல், பழைய மரம்: உடைத்த வீட்டுச் சாமான் வாங்கி வீடு புதுப்பித்தவர்கள் சொல்லுங்கள்

சிப்புட் வாசகி:
எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு மாடி தெரஸ் (வரிசை) வீடு வாங்கியிருக்கிறோம், 80-களில் கட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி). சமையலறையைப் பின்னால் நீட்டுகிறோம், உள்ளே இரண்டு கதவு மாற்ற வேண்டும், முன் ஜன்னல் துருப்பிடித்துப் போய்விட்டது. காண்ட்ராக்டர் எல்லாவற்றையும் ஹார்ட்வேர் கடையிலிருந்து புதிதாக எடுத்துவிடலாம் என்கிறார், ஆனால் அவர் காட்டிய கதவைத் தட்டினால் உள்ளே வெறும் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. ஈப்போ போகும் வழியில் உடைத்த வீட்டு மரம் விற்கும் இடம் ஒன்று இருக்கிறது, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே கதவும் நிலையும் உத்தரமும் மலைபோலக் கிடக்கின்றன. தவுக்கே (கடை முதலாளி) எதைத் தொட்டாலும் "இது செங்கால், இதுவும் செங்கால்" என்றுதான் சொல்கிறார். செங்கால் கனமான, விலை கூடிய காட்டு மரம் என்று மட்டும் தெரியும்; எது செங்கால், எது இல்லை என்று வாங்குகிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? துண்டுக் கணக்கில் வாங்குவதா, டன் கணக்கிலா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பழைய பெயின்ட் பற்றியும் பயம். தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் நன்றாக இருக்கும், அவசரம் இல்லை, தீபாவளிக்குள் முடித்தால் போதும்.

ஆசாரி மகன்:
முதலில் தவுக்கே சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு கையை மரத்தில் வையுங்கள். தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இரண்டுக்கு ஆறு அங்குலக் கட்டை பன்னிரண்டு அடி நீளம் என்றால் சரியாக ஒரு கன அடி. அது காய்ந்த செங்காலாக இருந்தால் 25 கிலோவுக்கு மேல் இருக்கும், ஒரு ஆள் தனியாகத் தோளில் வைக்க யோசிப்பார். அதே அளவு லேசான சிவப்பு மெராந்தி மரம் என்றால் 15, 16 கிலோதான். கடையில் தராசு தேவையில்லை, ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள், பிறகு மெராந்தி என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

கனமாக இருப்பதெல்லாம் செங்கால் இல்லை, பாலாவ் மரமும் கனம், கெம்பாஸ் மரமும் கனம். ஆகவே கத்தியால் ஓரத்தில் கொஞ்சம் சீவுங்கள், தவுக்கேயிடம் கேட்டுவிட்டு, கண்ணில் படாத பக்கத்தில். செங்கால் சீவிய இடத்தில் மஞ்சளும் பழுப்புமாக, லேசாகப் பச்சை ஓடின மாதிரி இருக்கும், காற்றுப் பட்டுப் பட்டுத்தான் கறுஞ்சிவப்பாகும். மெர்பாவ் மரம் என்றால் அதன் நரம்புத் துளைகளில் மஞ்சள் பொடி அடைத்திருக்கும், ஈரத் துணியை வைத்து அழுத்தினால் காப்பி நிறத்தில் சாயம் இறங்கும். அதனால்தான் மெர்பாவை வெள்ளைச் சிமெண்டுச் சுவர் ஓரத்தில் மழை படுகிற இடத்தில் வைத்தால் சுவர் முழுக்கக் கறை ஒழுகும். கெருயிங் மரம் வெயிலில் பிசின் கசியும், கையில் ஒட்டும். இதெல்லாம் கெட்ட மரம் என்று சொல்லவில்லை, வைக்கிற இடத்தில் வைக்க வேண்டும். மெராந்திக் கதவு அறைக்குள் நன்றாகவே உழைக்கும், தண்ணீரும் கரையானும் நெருங்காமல் இருந்தால்.

அடுத்தது செல்லு, அதாவது கரையான் அரிப்பும் உளுத்தலும். நிலையின் அடிப்பாகம் ஒரு சாண் உயரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதுதான் தரையோடு ஈரத்தில் நின்றது. ஸ்குரூ டிரைவர் முனையால் குத்துங்கள். உள்ளே போய்விட்டால் அவ்வளவு தூரத்தையும் அறுத்துத் தள்ளத்தான் வேண்டும், அதை இப்போதே விலையில் கழியுங்கள். ஊசித் துளை போல ஓட்டையும் மாவு போலத் தூளும் இருந்தால் அது உளு, மரத்தின் வெளிப்பக்க வெள்ளைப் பகுதியைத்தான் அதிகம் தின்னும். பழைய துளை, தூள் இல்லை என்றால் பூச்சி போய்ப் பல வருடம் ஆகியிருக்கலாம். புதுத் தூள் கொட்டுகிறது என்றால் வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள், வெளியே வைத்து போரேட் என்கிற பூச்சி மருந்து அடித்து, காய வைத்து, கொஞ்ச நாள் கவனித்துவிட்டுத்தான்.

லோரிக்காரன்:
அண்ணன் மேலே சொன்னது அத்தனையும் சரி. டன் கணக்கைப் பற்றி நான் சொல்கிறேன். மர வியாபாரத்தில் டன் என்றால் எடை இல்லை தங்கச்சி, 50 கன அடி. அண்ணன் சொன்ன இரண்டுக்கு ஆறு பன்னிரண்டடிக் கட்டை ஐம்பது வைத்தால் ஒரு டன். நீளமும் அகலமும் கலந்து கிடக்கும்போது கடைக்காரர் கண்ணால் பார்த்து "இது அரை டன் வரும்" என்பார், அப்போது நீங்களே டேப் எடுத்து ஒவ்வொன்றாக அளந்து எழுதிக் கூட்டுங்கள், வெட்கப்பட வேண்டாம், அவருக்கும் அது பழக்கம்தான். அங்குலம் இரண்டையும் பெருக்கி 144-ஆல் வகுத்து அடி நீளத்தால் பெருக்கினால் கன அடி. கைப்பேசியே போதும். முனை உடைந்தது, ஆணி ஓட்டை மொத்தமாக இருக்கிற ஒரு அடி, அதெல்லாம் கணக்கில் வராது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கதவு, ஜன்னல், ஏணிப்படி இவை துண்டு விலை. அங்கே பேரம் பேசும் திறமைதான். ஆனால் உண்மையான மலிவு கடையில் கிடையாது. வீடு உடைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவுடனே உடைக்கிற காண்ட்ராக்டரிடம் போய்ப் பேச வேண்டும், அவருக்கு வேண்டியது இடம் காலியாவது, உங்களுக்கு வேண்டியது நான்கு கதவு. இயந்திரம் உள்ளே வந்துவிட்டால் கதவு விறகுதான். முன்கூட்டியே ஆள் போய்க் கீலைக் கழற்றி நிலையைச் சுவரிலிருந்து அறுத்து எடுத்தால்தான் முழுசாக வரும்.

நான் இந்த வேலையில் இருப்பதால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஈப்போ, பினாங்கு பழைய கடைவீட்டுச் சாமான் இவ்வளவு வெளியே வந்ததற்கு வாடகைச் சட்டம் ஒரு பெரிய காரணம். போருக்கு முந்தைய கட்டடங்களுக்கு, அதாவது 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டியவற்றுக்கு, வாடகையைக் கட்டுப்படுத்திய 1966 சட்டத்தை 1997-இல் ரத்துச் செய்து, 2000 பிறந்தபோது அது முழுதாக விலகியது. அதுவரை தொடாமல் வைத்திருந்த கட்டடங்களைச் சொந்தக்காரர்கள் விற்கவும் இடிக்கவும் தொடங்கினார்கள். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்த பிறகு அங்கே இடிப்பது கடினமாகிவிட்டது, ஆனால் நம் மாதிரிச் சின்ன ஊர்களில் யாரும் கேட்பதில்லை, இன்றைக்கும் ஒரு வரிசைக் கடைவீடு காணாமல் போனால் அதன் ஜன்னல் எங்கோ ஒரு முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.

சிப்புட் வாசகி:
இவ்வளவு விவரமாக எழுதியதற்கு இருவருக்கும் நன்றி. டேப், கத்தி, ஸ்குரூ டிரைவர் எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது வேறு ஒரு சிக்கல். முன் வாசலுக்கு அங்கே ஓர் இரட்டைக் கதவு நிலையோடு பார்த்தேன், அம்மாவிடம் படம் காட்டியதும் முகம் மாறிவிட்டது. யார் வீட்டு நிலையோ, அந்த வீட்டில் என்ன நடந்ததோ, அதை நம் தலைவாசலில் நிறுத்துவதா என்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை அதிகம் இல்லை, ஆனால் அம்மா மனம் ஒப்பாமல் அந்த வாசலில் நுழைவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

கங்சார் டீச்சர்:
அம்மா சொல்வதை ஒதுக்காதேம்மா. நிலை வைப்பது என்பது நம் வீடுகளில் ஒரு சடங்கு, மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, நல்ல நேரம் பார்த்து நிறுத்துகிறோம். லட்சுமி வருகிற வழி என்று நினைக்கிறவர்களுக்கு ஒருவர் வீட்டில் இருந்து கழற்றிய நிலை உறுத்தும். நான் பார்த்த வரை பல குடும்பங்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். தலைவாசல் நிலைக்கு மட்டும் புது மரம் எடுத்து முறைப்படி வைப்பார்கள், கதவுப் பலகையும் உள் கதவுகளும் ஜன்னலும் பழையதாக இருக்கும். இன்னும் சிலர் அந்தப் பழைய இரட்டைக் கதவைக் கூடத்துக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவில் வைக்கிறார்கள், அங்கே சடங்கு ஒன்றும் இல்லை, பார்க்கவும் அங்கேதான் அழகு, மழையும் படாது.

ஆனால் ஒன்றில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தோட்டம் விற்கப்பட்டுக் கோயிலை இடம் மாற்றும்போது கோயில் கதவு, மரத்தூண், திருவாசிப் பலகை இவையும் சில சமயம் பழைய மரக் கடைக்கு வந்துவிடுகின்றன. அப்படி ஒன்றைப் பார்த்தால் வீட்டுக்கு வாங்காதீர்கள். அருகில் இருக்கிற கோயில் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு மீட்டுக் கொடுத்தாலும் தகும். அதைக் கும்பிட்டவர்கள் இன்னும் இந்த ஊரிலேயே தாமான் வீடுகளில் இருக்கிறார்கள்.

தோட்டத்துப் பிள்ளை:
இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் பலகையையும் ஆணியையும் பற்றி எழுதுகிறீர்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். நம் ஊர்க் கடைகளில் விற்கிற நல்ல கதவு எங்கிருந்து வருகிறது? கமுனிங், டோவன்பி, எல்பில் என்று நம்மைச் சுற்றி இருந்த தோட்டங்களில் நல்ல மரம் போட்டது துரை பங்களாவுக்கும் ஆபீசுக்கும்தான். லயத்து வீட்டுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, மெல்லிய பலகையும் தகரமும். லயத்தை இடித்தால் விற்க ஒன்றுமே மிஞ்சுவதில்லை, பங்களாவை இடித்தால் லோரி லோரியாகச் செங்கால். என் பாட்டி அந்தப் பங்களாவின் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறார். அந்த முன்கதவை நான் காசு கொடுத்து வாங்கி என் வீட்டில் மாட்டிப் பெருமைப்பட வேண்டுமா? எனக்கு மனம் வரவில்லை.

ஆசாரி மகன்:
தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கதவை இழைத்தது துரை இல்லை. எங்கள் அப்பா தோட்டத்து ஆசாரியாக இருந்தவர், பங்களா ஜன்னல் சட்டத்தின் மூலையைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் காலத்து வேலை என்னவென்று தெரியும். துளையும் கழுத்தும் செதுக்கி ஒன்றுக்குள் ஒன்று இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள், பசை ஒரு சொட்டு இருக்காது. இத்தனை வருட மழை வெயிலுக்குப் பிறகும் அந்த மூலை அசையாது. அந்த மர ஆணியை அடித்த கை நம் ஆளுடையதாகவோ சீனத் தச்சருடையதாகவோதான் இருக்கும். அதை விறகாக விடுவதைவிட நம் பிள்ளைகள் திறந்து மூடுகிற கதவாக இருப்பது எனக்குச் சரி என்று படுகிறது.

தோட்டத்துப் பிள்ளை:
அண்ணே, இப்படி யோசித்ததில்லை. கதவு யாருடையது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன், செய்தவரைப் பற்றி நினைக்கவில்லை. இருந்தாலும் ஒன்றை இங்கே பதிவு செய்ய ஆசை. 1960-இல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள், தொழிலாளிகள் சிறுகச் சிறுகப் பணம் போட்டு நிலத்தை வாங்கினார்கள். நிலத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு வந்தது. வீட்டுக்கும் பொருளுக்கும் வரவில்லை. வாங்குகிறவர்கள் தயவுசெய்து இது எந்தத் தோட்டத்துப் பொருள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள், தெரிந்தால் கதவின் பின்பக்கத்தில் பென்சிலால் தோட்டத்தின் பெயரை எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயரே இப்போது சாலைப் பலகையில்கூட இல்லாமல் போகிறது.

செந்தூல் தம்பி:
எல்லாம் சரி, ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டாமா? பழைய கதவு பாதி விலையில் கிடைக்கும், அப்புறம் பெயின்ட் உரிக்க ஆள், ஆணி பிடுங்க ஆள், அளவு வராததை அறுக்க ஆள், கீல் புதிது, லோரி வாடகை. கடைசியில் புது மரக் கதவு விலையைத் தாண்டிவிடும். அலுமினியம் ஜன்னல் போட்டால் ஒரே நாளில் வேலை முடியும், கரையான் பயமும் இல்லை. பழையது நல்லது என்று எல்லோரையும் இழுக்காதீர்கள், எல்லார் வீட்டிலும் ஆசாரி அப்பா இல்லை.

லோரிக்காரன்:
செந்தூல் தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, வேலைக்கூலி பழைய மரத்தில் எப்போதும் அதிகம். ஆனால் புது மரக் கதவு என்று எதோடு ஒப்பிடுகிறீர்கள்? தட்டினால் காற்றுச் சத்தம் வருகிற கதவோடு ஒப்பிட்டால் பழையது விலை கூடத்தான். புதுச் செங்கால் கதவோடு ஒப்பிட்டால் நிலைமை வேறு, ஏனென்றால் பெரிய செங்கால் இப்போது காட்டில் கிடைப்பதே அரிது, கேட்கிற விலை வேறு கணக்கில் போகிறது. எனக்குப் பட்டது இதுதான்: கதவு, உத்தரம், ஏணிப்படிப் பலகை இவற்றில் பழையது வாங்கலாம். ஜன்னலில் யோசிக்க வேண்டும். மழை அடிக்கிற பக்கம் அலுமினியம் போட்டால் குறை சொல்ல மாட்டேன். கூரைக்குப் பழைய தகரம் வேண்டவே வேண்டாம்.

ஆசாரி மகன்:
அளவு பற்றித் தம்பி சொன்னதைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் பணம் அங்கேதான் கரைகிறது. தாமான் வீட்டு வாசல் பெரும்பாலும் ஏழடி உயரம், மூன்றடி அகலம். பங்களாக் கதவு எட்டடி, அதற்கு மேலும் வரும், மேலே காற்றுக்கு மரச்சட்டம் வேறு. அதை உள்ளே பொருத்த வேண்டுமானால் வாசலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற லிண்டலை உடைக்க வேண்டும், அது விளையாட்டு இல்லை. கதவின் மேலேயும் கீழேயும் அறுத்துக் குறைக்கலாமா என்றால், குறுக்குச் சட்டத்தில் இருக்கிற அந்தக் கழுத்து மூட்டு போய்விடும், பிறகு கதவு தொங்கும். ஒரு சட்டத்தில் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் இழைத்துக் குறைப்பது வரை சரி, அதற்கு மேல் ஆசை வேண்டாம். உயரம் ஒத்துவராத கதவை உள் சுவரில் தண்டவாளம் வைத்து நகர்த்துகிற கதவாகப் போடுங்கள், வாசலை மூடினால் போதும், வாசலுக்குள் அடங்க வேண்டியதில்லை.

ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டிலுள்ள ஒவ்வொரு வாசலையும் மூன்று இடத்தில் அகலம், இரண்டு இடத்தில் உயரம் அளந்து தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சுவர் நேராக இருக்காது.

சைட் எஞ்சினியர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், பாதுகாப்பு பற்றி இங்கே யாரும் முழுதாகச் சொல்லவில்லை.

தோட்டத்துக் குவார்ட்டர்ஸ், பழைய கிளினிக், ஆயாக் கொட்டகை (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) இவற்றில் நெளிநெளியான சாம்பல் நிறக் கூரைத் தகடு, தட்டையான சீலிங் பலகை இருந்தால் அது அஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கலாம். கண்ணால் பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது. வாங்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அறுத்தாலும் உடைத்தாலும் வருகிற நார் நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். கோழிக் கொட்டகைக்குத்தானே என்று சிலர் கொண்டுபோகிறார்கள், அங்கேயும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பல அடுக்கு அடித்த கதவில். குழந்தைகளுக்கு ஈயம் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவு இல்லை, உலகச் சுகாதார நிறுவனமே அதைத்தான் சொல்கிறது, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள், தீ ஊதிச் சுடாதீர்கள். வீட்டுக்கு வெளியே, தரையில் பிளாஸ்டிக் விரித்து, பெயின்ட் நீக்குகிற மருந்து தடவி ஊறவிட்டுச் சுரண்டி, ஈரத்தாளால் தேய்த்து, சுரண்டியதை எல்லாம் கட்டி எடுத்துவிடுங்கள். நல்ல முகக்கவசம் போடுங்கள், துணி கட்டுவது போதாது. அந்த உடையைப் பிள்ளைகள் உடையோடு துவைக்காதீர்கள்.

உத்தரம் வாங்குகிறவர்களுக்கு: அழகுக்காகச் சீலிங்குக்குக் கீழே வைப்பது வேறு, கூரையைத் தாங்க வைப்பது வேறு. தாங்குகிற இடத்துக்கு ஒரு பொறியாளர் கையெழுத்து வேண்டும். சமையலறை நீட்டுவதற்கு நகராண்மைக் கழகத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்குங்கள், 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் அது தேவை. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தபின் உடைக்கச் சொன்னால் அந்தச் செங்காலும் சேர்ந்து போகும்.

சிப்புட் வாசகி:
ஐயா, மிகவும் நன்றி. கதவுகளைப் பெயின்ட் உரித்து எடுத்துத் தருகிற வேலையைப் பிள்ளைகள் இல்லாத என் தம்பி வீட்டு முற்றத்தில் செய்யச் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி, அங்கே பித்தளைத் தாழ்ப்பாள், கொண்டி, நீளமான ஜன்னல் கம்பி எல்லாம் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. உண்மையான பித்தளைதானா?

ஆசாரி மகன்:
காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டாவிட்டால் ஓரத்தில் அரம் வைத்து ஒரு இழுப்பு, உள்ளேயும் மஞ்சளாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருந்தால் அது வேறு உலோகம். அதே காந்தத்தால் கதவு முழுக்கத் தடவினால் உள்ளே ஒடிந்து கிடக்கிற ஆணியும் தெரியும், ஒரு ஆணி போதும் வாள் பல்லைக் கெடுக்க. திரும்பப் பூட்டும்போது பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் திருகாணி போடுங்கள், இரும்புத் திருகாணி ஈரத்தில் செங்காலோடும் மெர்பாவோடும் சேர்ந்தால் கறுப்புக் கறை பிடிக்கும். முதலில் சின்னத் துளை போட்டு, திருகாணியில் சோப்பு தடவித் திருகுங்கள், இல்லாவிட்டால் பித்தளைத் தலை முறிந்து உள்ளே நின்றுவிடும்.

காரைக்குடி மருமகள்:
கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் ஊரில் முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த செட்டிநாட்டு வீட்டுத் தூண், நிலை, கதவு விற்கிற கடைகள் வரிசையாக இருக்கும், பர்மாத் தேக்குத் தூண் வேறு எங்கும் அப்படிப் பார்க்க முடியாது. அங்கிருந்து கண்டெய்னரில் மலேசியாவுக்குக் கொண்டு வரலாமா என்று எங்கள் சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். கொண்டு வரலாம், ஆனால் ஒரே ஒரு கதவுக்கு அந்தச் செலவு கட்டாது. மரத்துக்கு மருந்துப் புகை போட்ட சான்று, இங்கே இறக்குமதி ஆவணம் எல்லாம் கப்பல் ஏறும் முன்பே அனுப்புகிறவரிடம் கேட்டு வாங்க வேண்டும். தேக்குக் கதவை இங்கே ஏர்கான் அறையில் வைத்தால் முதலில் சுருங்கி இடைவெளி விடும், அதனால் வந்தவுடனே பூட்டாமல் அந்த அறையிலேயே சில வாரம் படுக்க வைத்துக் காற்றுக்குப் பழக விடுங்கள். இது செங்காலுக்கும் பொருந்தும்.

பாரிட் வாசி:
தரைக் கல் பற்றி யாராவது சொல்லுங்கள். ஈப்போவில் உடைத்த கடைவீட்டிலிருந்து பூப்போட்ட சிமெண்டுக் கல் ஒரு குவியல் கிடைக்கிறது, பின்னால் சிமெண்டு ஒட்டியிருக்கிறது.

லோரிக்காரன்:
பழைய சுண்ணாம்புச் சாந்தில் பதித்ததாக இருந்தால் தட்டினாலே பெயர்ந்து வரும், சிமெண்டில் பதித்ததாக இருந்தால் கல்லோடு உடைந்து வரும். செங்கல்லும் அப்படியேதான், சுண்ணாம்புச் சாந்துச் செங்கல் மட்டும் வாங்குங்கள். ஒரு கல்லை எடுத்துப் பின்பக்கத்தை உளியால் தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மொத்தமாகப் பேசுங்கள். கறை எடுக்க ஆசிட் ஊற்றவே கூடாது, நிறம் உள்ள மேல் அடுக்கையே அது தின்றுவிடும். கனம் பார்த்தீர்களா? அந்தக் கல் இரண்டு சென்டிமீட்டர் வரை வரும், புதுச் செராமிக் அதில் பாதி கூட இல்லை, ஆகவே பக்கத்து அறைத் தரையோடு மட்டம் சேராது. ஒரு அறை முழுக்கப் போடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். ஓரத்துப் பூ வேறு, நடுப் பூ வேறு, தனித்தனியாக எண்ணி உடைவதற்குச் சேர்த்து வாங்குங்கள், அதே கல் மறுபடி கிடைக்காது.

கங்சார் டீச்சர்:
இன்னொன்றும் கேட்க மறக்காதீர்கள், ரசீது. காலியாகக் கிடக்கிற தோட்டத்து வீடுகளிலிருந்து இரவோடு இரவாகக் கதவைக் கழற்றி விற்பது நம் பக்கத்தில் நடக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் தண்டனைச் சட்டம் 411-ஆவது பிரிவில் வாங்கியவர் மேலும் வழக்கு வரும். பழைய பொருள் வியாபாரிகளுக்கு 1946-ஆம் ஆண்டிலிருந்தே உரிமச் சட்டம் இருக்கிறது. உரிமம் சுவரில் மாட்டியிருக்கும் கடையில், எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதிய ரசீதோடு வாங்குங்கள். அதைத் தரத் தயங்குகிற இடத்தில் எவ்வளவு மலிவானாலும் கிளம்பிவிடுங்கள்.

சிப்புட் வாசகி:
டீச்சர், அம்மாவிடம் பேசிவிட்டேன். தலைவாசல் நிலை புதிது, அந்த இரட்டைக் கதவு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில். அம்மாவே அந்த இடத்தைக் காட்டினார். சனிக்கிழமை கடைக்குப் போகிறோம். கடைசியாக ஒரு சந்தேகம், ஆசாரி அண்ணே: கதவு ஒவ்வொன்றும் செங்காலாகவே இருந்தால் செங்கல் சுவர் தாங்குமா? எத்தனை கீல்?

ஆசாரி மகன்:
ஏழுக்கு மூன்று, ஒன்றரை அங்குலக் கனத்தில் முழுப் பலகைக் கதவு என்றால் 70 கிலோ வரை போகும், நடுவில் மெல்லிய அடைப்புப் பலகை வைத்ததானால் குறையும். உங்களுடையது இரட்டைக் கதவு, ஒரு பக்கம் பாதி எடைதான், பயம் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு அங்குலப் பித்தளைக் கீல் மூன்று, மேலே இருக்கிற இரண்டையும் நெருக்கமாக வையுங்கள், எடை அங்கேதான் இழுக்கும். நிலையைச் சுவரில் வெறும் சாந்தில் நிறுத்த விடாதீர்கள், பக்கத்துக்கு மூன்று இடத்தில் இரும்புப் பட்டை வைத்துச் செங்கல்லுக்குள் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். நிலையின் அடி முனை இரண்டும் தரைச் சிமெண்டில் புதையக் கூடாது, கால் அங்குலம் தூக்கி நிறுத்தி, அறுத்த முனையில் மருந்து தடவுங்கள். லோரி வேண்டுமென்றால் மேலே இருக்கிற தம்பியையே கேளுங்கள், கதவைப் படுக்க வைக்காமல் நிறுத்திக் கட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

லோரிக்காரன்:
சனிக்கிழமை காலையில் ஈப்போவுக்குக் காலியாகத்தான் போகிறேன் அண்ணே, திரும்பும்போது ஏற்றிக்கொள்கிறேன். தங்கச்சி, தனிச் செய்தியில் நம்பர் அனுப்புங்கள், பழைய போர்வை நாலு எடுத்து வையுங்கள்.